கம்புக்குள் புதைத்த ஹெட்லைட்டுகள்

மச்சான்,

இப்போது இருக்கிற காருக்கு ஹெட்லைட்டை மாட்டி முடித்துவிட்டேன். முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்தால் பாயில் ஒரு போல்ட் மீந்து கிடக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனருக்குப் பிடிக்கிற சின்ன போல்ட். வாசலில் கோரைப்பாயை விரித்து, கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் அடுக்கி வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தேன். பம்பரின் மேல் ஸ்க்ரூ இரண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, லைட்டைப் பிடிக்கிற போல்ட் மூன்று, பிளாஸ்டிக் கிளிப் ஏழு. ஏழில் இரண்டு உடைந்துபோனது வேறு கதை. அத்தனையும் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

"மீந்த ஸ்க்ரூ ஒன்னு கைல இருந்தா, வண்டில எங்கியோ ஒரு ஓட்ட காலியா கீதுன்னு அர்த்தம்" என்று நீ சொல்வாய். நீ சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. பம்பரை மறுபடியும் கழற்றினேன். டார்ச் அடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன். எதுவும் காலியாக இல்லை. அப்புறம் பாயில் உட்கார்ந்து அந்த போல்ட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஆளுக்கு இது தேவையா என்று கேட்பாய். தியாகதுருகம் ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே வந்து இடது பக்க லைட் உடைந்தது. கடையில் விட்டால் அரை மணி நேர வேலைதான். ஆனால் நான் வாங்கிக் கொடுக்கும் புது லைட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, எவனோ கழற்றிப் போட்ட பழசைத் துடைத்து மாட்டிவிட மாட்டான் என்று என்ன நிச்சயம்? அதனால் சேலத்திலிருந்து வரவழைத்து வீட்டிலேயே மாட்டினேன்.

என் குணம் உனக்குத் தெரியாததா. பால்காரர் அளக்கும்போது படியின் அடியைக் குனிந்து பார்க்கிற ஆள் நான். "உன்ன மாரி ஆளு கோயிலுக்குப் போனா, சாமி கைல இருக்கற வேலு நெஜ வேலான்னு தட்டிப் பாப்ப" என்று கார் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, இவன் ஏன் இதை எல்லார் முன்னாலும் சொல்கிறான் என்று யோசிப்பேன்.

இன்றைக்கு ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிவிடுகிறேன். உன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்த வாரத்தில், நான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, என் வண்டியை நீ எடுத்தாய், எடுத்ததை என்னிடம் மறைத்தாய் என்ற சந்தேகம். போன தை மாதம் உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போதும் அது எனக்குள் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டுதான் உன்னோடு டீ குடித்தேன், உன் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தேன்.

அந்த நாள் வண்டி என்னுடையது, அப்பா விட்டுப்போன வெள்ளை அம்பாசடர். ஓட்டியது நாம் இரண்டு பேரும். சின்னசேலம் ஸ்டேஷன், சேலம் ஆஸ்பத்திரி, சமவெளிச் சவாரி எல்லாம் எனக்கு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற சவாரி உனக்கு. மலை வளைவில் எனக்குக் கை நடுங்கும், உனக்கு அங்கேதான் பாட்டு வரும். இரண்டு சாவி இருந்தது. ஒன்று என் இடுப்பில், ஒன்று உன் இடுப்பில். அந்த வண்டி ஓடினால்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும் என்பதால் அதன்மேல் ஒரு கீறல் விழுந்தால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது.

மறியல் ஒரு வாரம் என்று ஊரெல்லாம் பேச்சு வந்தபோது ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் ஒரே வேலையைச் செய்தார்கள். வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு ஹெட்லைட்டுகளைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். கல் விழுந்தால் முதலில் போவது முன்கண்ணாடி, அடுத்தது ஹெட்லைட். கண்ணாடிக்குச் சாக்கைக் கட்டலாம், லைட்டுக்கு என்ன கட்டுவது? அதோடு, லைட் இல்லாத வண்டியை இருட்டில் வா என்று எவனும் கட்டாயப்படுத்த முடியாது. நீ கூட்டத்துக்கெல்லாம் போய்வந்துகொண்டிருந்தாய். நான் போகவில்லை. நமக்கு எதற்கு வம்பு என்பது என் கட்சி.

"நம்ம சனம் கேக்கறது ஞாயந்தான். அதுக்கு நம்ம லைட்டு இன்னா பாவம் பண்ணுச்சு? வா, கழட்டிருவோம்" என்று வந்தாய்.

வெளி ரிங்கை நெம்பி எடுத்து, உள்ளே இருந்த துருப்பிடித்த ஸ்க்ரூக்களுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, டூம் என்கிற கிண்ணத்தோடு முழுசாகக் கழற்றினோம். மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இருக்கிற ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூக்களை மட்டும் தொடாதே என்றாய். லைட் ரோட்டைப் பார்ப்பதா மரத்தைப் பார்ப்பதா என்று முடிவு செய்வது அவைதான். நான் இரண்டு லைட்டையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன், அப்புறம் காய்ந்த துணியால் துடைத்தேன், கண்ணாடியைச் சுற்றி இருக்கிற ரப்பரைத் தூக்கி அதன் அடியிலும் துடைத்தேன். பழைய வேட்டியில் சுற்றி, தனம் கம்பு போட்டு வைத்திருந்த தகர பீப்பாய்க்குள் புதைத்தோம். "மண்ணெண்ண நாத்தம் கம்புல ஏறுச்சுன்னா கூழு நீங்கதான் குடிக்கணும்" என்று என் பெண்டாட்டி முணுமுணுத்தாள். நீ பீப்பாய் மூடியை அழுத்திவிட்டு, "தங்கச்சி, இது உன் பொறுப்பு" என்றாய்.

மறியலுக்கு முந்தின நாள் சின்னம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சின்னசேலத்துக்குப் போனேன். அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தது என் புத்தி. விடிந்தால் பஸ் இல்லை, ரோட்டில் ஈ காக்கை இல்லை. நான்கு நாள் அங்கேயே கிடந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மாதமாக ஏமாற்றிக்கொண்டிருந்த மழை கொட்டியது. ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் நடந்தே கிளம்பினேன். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. சுற்றி வந்து பார்த்தேன். மட்கார்டில் கண் இருந்த இடம் இரண்டும் பொக்கையாக இருந்தன. டயரில் சேறு இருந்தது. மழைத் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, நம்பவில்லை.

மறியல் முடிந்து இரண்டு நாள் கழித்து, வெயில் இறங்கின நேரத்தில், லைட்டுகளைத் திரும்ப மாட்ட உட்கார்ந்தோம். ஊரில் போலீஸ் வீடு வீடாக வந்து ஆண்பிள்ளைகளை விசாரித்துக்கொண்டிருந்தது. நீ மட்கார்டு பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய். நான் வேட்டியைப் பிரித்து முதல் லைட்டை எடுத்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. வழக்கம்போல ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன்.

அடியில் ஈசல் இறக்கைகள். ஏழெட்டு இருக்கும், ரப்பரோடு ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருந்தன.

கம்பில் வண்டு வரும், அந்துப்பூச்சி வரும். ஈசல் வராது. ஈசல் மழைக்குப் பிறகு எரிகிற விளக்கைத் தேடித்தான் வரும். நான் கழற்றியபோது மழையே இல்லை. அப்படியென்றால் அந்த மூன்றாம் நாள் மழைக்கு அப்புறம் இந்த லைட் வெளியே வந்திருக்கிறது, வண்டியில் ஏறியிருக்கிறது, எரிந்திருக்கிறது, திரும்பவும் கம்புக்குள் போயிருக்கிறது. இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் என் மண்டையில் ஓடியது. நிமிர்ந்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா பாத்துக்கினு கீற, குடு" என்றாய்.

கொடுத்தேன். நீ கட்டைவிரலால் அந்த இறக்கைகளை வழித்து லுங்கியில் துடைத்துக்கொண்டாய். துடைக்காமல் இருந்திருந்தால்கூட நான் கேட்டிருப்பேன். துடைத்ததும் எனக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. மரம் வெட்டப் போனவர்களை, ரம்பத்தையும் கோடாலியையும், என் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான் என்று வைத்துக்கொண்டேன்.

நீ வலது லைட்டின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஏட்டு வந்தார். கெட்டவர் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"லைட்ட ஏம்பா கழட்டினீங்க?"

"கல்லு வுழும்னு பயந்துங்க. ஸ்டாண்டுல எல்லாருந்தான் கழட்டினாங்க" என்றேன்.

"ம். அந்த வாரத்துல ஒரு வெள்ள அம்பாசடர் கச்சிராயபாளையம் பக்கம் போச்சுன்னு சொல்றாங்க. உங்க வண்டி எங்கியாச்சும் போச்சா?"

நீ ஸ்க்ரூடிரைவரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. என் பக்கம் இருந்த காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏட்டு செம்பை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

"நான் ஊர்ல இல்லீங்க. சின்னசேலத்துல மாட்டிக்கினேன். எனக்கு ஒன்னும் தெரியாது" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இன்னொரு சாவி அவருகிட்டதான் இருக்குது" என்றும் சொன்னேன்.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஏட்டு உன்னிடம், "ஸ்டேஷன் வரிக்கும் வந்துட்டுப் போங்க" என்றார். நீ, "இந்த ஒரு ஸ்க்ரூவ முடிச்சிட்டு வரேங்க" என்றாய். முடித்தாய். ரிங்கை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாய். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு போனாய். உள்ளே தனம் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

இடது லைட்டை நான் தனியாக மாட்டினேன். நீ தொடாதே என்ற ஸ்க்ரூக்களைத் தொட்டேன். அது ரோட்டை விட்டுவிட்டு மரக்கிளையைப் பார்த்தது.

வழக்குப் போட்டு உன்னைக் கடலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் தனம் உன் வீட்டுக்குச் சோறு கொண்டுபோனாள். உன் பெண்டாட்டியோடு உட்கார்ந்து அழுதாள். இவள் ஏன் இவ்வளவு அழுகிறாள் என்று நான் அதையும் கவனித்தேன். "பீப்பாய யாராச்சும் தொறந்தாங்களா?" என்று ஒரு தரம் கேட்டேன். "எனுக்கின்னா தெரியும், நான் கெணத்தாண்ட இருந்திருப்பேன்" என்றாள். நீ எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் வந்துபோகிற ஆள். அவள் கிணற்றடிக்குப் போன நேரத்தில் எடுத்திருப்பாய், அதே போல் திரும்ப வைத்திருப்பாய். கணக்கு சரியாக இருந்தது.

நீ திரும்பி வந்த அன்று உன் வீட்டுக்குக்கூட முழுசாகப் போகவில்லை, நேராக வண்டியிடம் வந்தாய். இளைத்திருந்தாய். வலது கைக் கட்டைவிரல் வீங்கிக் கறுத்திருந்தது. "கதவுல மாட்டிக்கிச்சு" என்றாய். வண்டியைப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு எதிரே பதினைந்து தப்படி தள்ளி நிறுத்தச் சொன்னாய். சுவரில் லைட் உயரத்துக்குக் கரியால் இரண்டு கோடு கிழித்தாய். வலது லைட்டை ஈரச்சாக்கால் மூடிவிட்டு இடதைப் போடச் சொன்னாய். வெளிச்சம் கோட்டுக்கு மூன்று முழம் மேலே போய் ஓட்டு விளிம்பில் விழுந்தது.

"ஒரு கண்ணு பூமியப் பாக்குது, ஒரு கண்ணு எமலோகத்தப் பாக்குது" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை இடது கையால் பிடித்துத் திருப்பினாய். சுவரில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. அதற்கு அப்புறம் கடைசி வரைக்கும் நீ இடது கையால்தான் ஸ்க்ரூ முடுக்கினாய். அன்றைக்கு எனக்குத் தோன்றியதைச் சொல்லட்டுமா? நாம் பரிதாபப்பட வேண்டும் என்று நடிக்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படிப்பட்டவன் நான், மச்சான்.

வேலை முடிந்ததும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீயாகவே நீட்டினாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்கு அப்புறம் தினம் காலையில் வந்து என்னிடம் கேட்டுச் சாவி வாங்கிப் போவாய். நான் வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டர் முள்ளைப் பார்த்து மனசில் வைத்துக்கொள்வேன். நான் பார்ப்பது உனக்குத் தெரியும். சில நாள் நீயே குனிந்து படித்துச் சொல்லிவிட்டு இறங்குவாய்.

ஒரே ஒரு தரம் நேராகக் கேட்டேன். கோமுகி அணைக்கரையில் சவாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

"மறியல் வாரத்துல வண்டிய எடுத்தியா?"

நீ பீடியைக் கீழே போட்டு மிதித்தாய். "எடுத்தேன்னா இன்னா பண்ணுவ?"

நான் அணைத் தண்ணீரைப் பார்த்தேன்.

"அதான்" என்றாய். எழுந்து போய்த் தண்ணீரில் முகம் கழுவினாய். உன்னை அப்படியே பிடித்துத் தண்ணீரில் தள்ளலாமா என்று கோபம் வந்தது எனக்கு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதற்குப் பிறகு நீ செய்ததெல்லாம் எனக்குத் தப்பாகவே தெரிந்தது. சவாரி இல்லாத நாளில்கூட ஜீப்பிலோ பால் வண்டியிலோ தொற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற கரியாலூர் போவாய். வரும்போது சாமை, மலைப்புளி, ஒரு பாட்டில் தேன். யார் கொடுத்தது என்றால் தெரிந்தவர்கள் என்பாய். போகும்போது துணிப்பை கனமாக இருக்கும். ஒரு தரம் அந்தப் பையில் எங்கள் வீட்டு முறுக்கு வாசனை வந்தது. தனம் உன் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை இவன் மலைக்குக் கொண்டுபோகிறான் என்று முடிவு கட்டினேன். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று ஸ்டாண்டில் ஒருவரிடம் சாடையாகச் சொல்லியும் வைத்தேன். அது சுற்றிச்சுற்றி உன் பெண்டாட்டி காதுக்குப் போய், உங்கள் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. அதைச் சொன்னது நான்தான். உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உன் சாவுக்கு மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். அதில் ஒரு அம்மாள், ஐம்பத்தைந்து இருக்கும், உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பந்தல் காலில் சாய்ந்துகொண்டு அவள் முகத்தையும் உன் பெண்டாட்டி முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை எடுக்கிற நேரத்தில் நான் செய்த வேலை அது.

இப்போது இன்றைக்கு வருகிறேன். தனம் டீ கொண்டுவந்தாள். நான் போல்ட்டைக் காட்டி, எங்கே விட்டேன் என்று தெரியவில்லை என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கிரைண்டர் ஸ்டாண்டுது. முந்தாநேத்துலருந்து இந்தப் பாய்க்குள்ளதான் கெடந்துச்சு" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் உன்னை இழுத்தேன். "அவன் இருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பான். கைக்காரன்தான். கைசுத்தம் இருந்துதான்னு கேட்டா அதுதான் இல்ல" என்றேன்.

தனம் டம்ளரைக் கீழே வைத்தாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த லைட்ட பீப்பாயிலருந்து எடுத்துக் குடுத்தது நாந்தான்."

நான் கையிலிருந்த போல்ட்டைப் பாயில் வைத்தேன்.

"நீங்க சின்னசேலத்துல இருந்தீங்க. மழ வுட்ட சாயங்காலம் எங்க ராசுவ கோட்டயிலருந்து கரும்பு வண்டில போட்டு, கரும்புத் தோகைக்கு நடுவுல ஒளிச்சுக் கொண்டாந்தாங்க. தடியடில காலு ரெண்டா மடிஞ்சி கெடந்துச்சு. ஆசுபத்திரி வாசல்ல போலீசு நின்னுக்கினு பேரு எழுதுது. நான் ஓடிப்போயி அண்ணன் கால்ல வுழுந்தேன்."

ராசு அவளுடைய ஒரே தம்பி. எலவனாசூர்கோட்டையில் இன்றைக்கும் உரக்கடை வைத்திருக்கிறான். கொஞ்சம் சாய்த்து நடப்பான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். படியின் அடியைக் குனிந்து பார்க்கிற நான், அந்தச் சாரம் எந்தத் தெருவில் இருந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். என் வீட்டுக் கம்பு பீப்பாயின் மூடியை என் பெண்டாட்டி திறந்திருப்பாள் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

தனம் மீதியையும் சொன்னாள். நீ ஒரு ஆளாக இரண்டு லைட்டையும் மாட்டினாயாம். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். ஏரிக்கரை வழியாகக் கச்சிராயபாளையம் போய், மறித்து நின்ற பையன்களிடம் காலைக் காட்டி வழி கேட்டு, கரியாலூருக்கு மேலே மூங்கில் பத்தை வைத்து எலும்பு கட்டுகிற ஒரு குடும்பத்திடம் ராசுவைச் சேர்த்தாயாம். விடிவதற்குள் திரும்பி வந்து லைட்டைக் கழற்றித் துடைத்துப் பழையபடி புதைத்துவிட்டாயாம். ராசு அங்கே ஏழு மாதம் இருந்தான். முறுக்கு அவனுக்குப் போனது. உன் காலைப் பிடித்து அழுத அந்த அம்மாள் எலும்பு கட்டினவரின் மகள். கடலூரில் பதினெட்டு நாளும் யாரை ஏற்றினாய், எங்கே விட்டாய் என்றுதான் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். உன் கட்டைவிரல் அதற்காகத்தான் போனது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "அப்பத்தான் சொல்லல. வழக்கெல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்ல? அவன் உசுரோட இருக்கச்சியே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அண்ணன்தான் வேணான்னுட்டாரு. அன்னிக்கு ஏட்டுகிட்ட சொன்ன வார்த்தைய அப்புறம் நெனச்சி நெனச்சி செத்துப்போவான், தெரியாமலே இருந்துட்டுப் போவட்டும்னாரு."

"லைட்ட எடுக்கும்போது? அப்ப இன்னா சொன்னான்?"

தனம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்பவும் உங்கள ஒன்னும் கொறச்சி சொல்லல. 'மச்சான் நல்லவன் தங்கச்சி. ஆனா அடி தாங்க மாட்டான். ரெண்டு தட்டு தட்டினா உள்ளத சொல்லிருவான். தெரியாம இருந்தா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிருவான்'னாரு."

டீ ஆறிப்போனது. தனம் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பாயிலேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பெண்டாட்டியிடம் நாளைக்குக் காலையில் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், மலையில் ஒருத்தி இருக்கிறாள் என்று கிளப்பிவிட்டது நான்தான் என்பது உட்பட. அவள் என்னைத் துடைப்பத்தால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். உன்மேல் இருந்த சந்தேகம் என்னை விட்டு இறங்கிவிட்டது. அது இறங்கினால் மனசு லேசாகும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உன்னை முப்பது வருஷத்துக்கு மேல் சந்தேகப்பட்டேன், எதற்காக வண்டியை எடுத்தாய் என்று நான் நினைத்தது ஒரு நாள்கூடச் சரியாக இருக்கவில்லை. நீ என்னை ஒரே ஒரு சாயங்காலம் சந்தேகப்பட்டாய். அதிலும் எனக்கு நல்ல மதிப்புப் போட்டுத்தான் சந்தேகப்பட்டாய், இரண்டு அடி வரைக்கும் தாங்குவான் என்று.

ஏட்டு கையை ஓங்கக்கூட இல்லை, மச்சான்.